பிளசன்டன் தலபுராணம்: பிளாஸ்மா திருவிளையாடல்

பாயிரம்

முன்னொரு காலத்தில் நைமிசாரண்யத்தில் தவம் செய்துகொண்டிருந்த முனிவர்கள், விசா கிடைத்ததும் கலிபோர்னியாவுக்கு வந்து பிளசன்டனில் வீடு வாங்கினார்கள். ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊரான லிவர்மோரில் சிவா-விஷ்ணு கோயில் தரிசனம் முடிந்து, தயிர்சாதமும் தீர்ந்து, செருப்பு கிடைக்கும்வரை வேறு வேலையில்லாமல் இருந்தபோது சூத முனிவர் கண்ணில் பட்டார்.

"சுவாமி, மதுரைக்குத் தலபுராணம் உண்டு, சிதம்பரத்துக்கு உண்டு. முப்பது வருடக் கடனில் வாங்கிய நம் ஊருக்கு மட்டும் இல்லையா?" என்று கேட்டார்கள்.

"உண்டு" என்றார் சூதர். "ஆனால் அதில் தேவரும் இல்லை, அசுரரும் இல்லை. எலக்ட்ரானைப் பறிகொடுத்துவிட்டுத் தறிகெட்டு அலையும் வாயு ஒன்று உண்டு. அதன் பெயர் பிளாஸ்மா. அது ஓடினால் மின்னோட்டம் பிறக்கும். மின்னோட்டம் காந்தப்புலத்தைப் பெறும். பிறந்த காந்தப்புலம் பெற்ற பிளாஸ்மாவையே திருப்பி அடிக்கும். அடிபட்ட பிளாஸ்மா வேறு பக்கம் ஓடும். வேறு மின்னோட்டம், வேறு காந்தம், மறுபடி அடி. இந்தக் குடும்பச் சண்டைக்கான சமன்பாட்டை ஸ்வீடனின் ஹன்னஸ் ஆல்வென் 1942இலேயே எழுதிவிட்டார். முதலில் யாரும் நம்பவில்லை. 1948இல் சிகாகோவில் அவர் பேசியபோது என்ரிகோ ஃபெர்மி தலையாட்டினாராம். மறுநாளிலிருந்து இயற்பியல் உலகமே தலையாட்டியது என்றொரு கதை உண்டு. 1970இல் நோபல் பரிசும் வந்தது. சமன்பாட்டை எழுதியாயிற்று, தீர்க்க ஆளில்லை. தீராததை இடத்தில் கட்டங்களாகவும் காலத்தில் படிகளாகவும் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் உத்தேசமாக விடை சொல்வதற்கு எண்முறை என்று பெயர். அந்த உத்தேசத்தின் வரலாறே நம் தலபுராணம்."

ஊர்ப்பெயர் பிழைத்த படலம்

1850களில் இந்த ஊர் அலிசால். தங்கம் தோண்டித் திரும்புகிறவர்களை வழிமறித்த கொள்ளையர்கள் வந்து ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். மெயின் ஸ்ட்ரீட்டில் துப்பாக்கிச் சண்டை சகஜம். இப்போது அதே தெருவில் காபியின் விலையைக் கேட்டுத்தான் கையைத் தூக்குகிறோம்.

பிறகு ஜான் காட்டிங்கர் என்ற பெரிய மனிதர், உள்நாட்டுப் போரில் பேர்வாங்கிய குதிரைப்படைத் தளபதி ஆல்ஃபிரட் பிளெசொன்டனின் பெயரை ஊருக்கு வைத்தார். அதைப் பதிவேட்டில் ஏற்றிய குமாஸ்தா நடுவில் ஓர் எழுத்தைத் தவறவிட்டு வேறொன்றைப் போட்டார். தளபதி போய்விட்டார், பிழை நிலைத்துவிட்டது. 1894இல் ஊர் நகரமானபோதும் அதே பிழையோடுதான் ஆனது. முதல் படியில் விழுந்த தவறு கடைசிப் படிவரை கூடவே வரும் என்பது எண்முறையின் முதல் பாடம். அதை நம் ஊர் கணினி பிறப்பதற்கு முன்பே கற்றுக்கொண்டது.

கைப்பிடி சுற்றிய படலம்

புராணம் என்றால் கிளைக்கதை வேண்டும். எனவே கொஞ்சம் மான்செஸ்டர் போய்வருவோம்.

இரண்டாம் உலகப் போர். ரேடாரின் உயிர் மேக்னெட்ரான் என்ற குழாயில். அதற்குள் மின்புலமும் காந்தப்புலமும் குறுக்கும் நெடுக்குமாக நிற்க, நடுவில் எலக்ட்ரான் கூட்டம் சுற்றுகிறது. அது எப்படிச் சுற்றுகிறது என்று கண்டுபிடிக்க டக்ளஸ் ஹார்ட்ரீ ஒரு குழுவைச் சேர்த்தார். ஃபிலிஸ் நிக்கல்சன் அதில் இருந்தார். ஆஸ்கர் பியூன்மன் இருந்தார். இந்தப் பியூன்மன் ஹிட்லரை எதிர்த்ததற்காக ஜெர்மனியில் சிறையிலிருந்தவர். தப்பித்து இங்கிலாந்துக்கு வந்தால், ஜெர்மன்காரர் என்று சொல்லி அவர்களும் பிடித்து வைத்தார்கள். ஒருவழியாக வெளியே விட்டு, எலக்ட்ரானைத் துரத்தும் வேலையைக் கொடுத்தார்கள்.

வேலை இதுதான்: எலக்ட்ரான்களைக் கொஞ்சம் நகர்த்து. நகர்ந்த இடத்தில் அவை உண்டாக்கும் மின்புலத்தைக் கணக்கிடு. அந்தப் புலத்தில் மறுபடி நகர்த்து. விடியும்வரை இதே. கையில் கணக்குப் பொறி, எதிரில் காகிதம். துகளை நகர்த்தும் இன்றைய பிளாஸ்மா உருவகப்படுத்தல் எல்லாமே இந்தச் சுற்றுதான். சுற்றுவது மட்டும் கையிலிருந்து சிலிக்கானுக்கு மாறியிருக்கிறது. பியூன்மன் பின்னாளில் நம் வளைகுடாவுக்கே, ஸ்டான்ஃபோர்டுக்கு, வந்து சேர்ந்தார்.

"இதில் தமிழர் யாரும் கிடையாதா சுவாமி?" என்று முனிவர்கள் நெளிந்தார்கள். தமிழர் இல்லாத வரலாறு அவர்களுக்குச் செரிக்காது.

இருக்கிறார். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போன சுப்பிரமணியன் சந்திரசேகர். காந்தப்புலத்தில் பாயும் திரவம் எப்போது அடங்கியிருக்கும், எப்போது துள்ளும் என்று அவர் 1961இல் ஒரு நூல் எழுதினார். அறுநூறு பக்கத்துக்கு மேல். அலமாரியில் வைத்தால் அலமாரிக்கே நிலைத்தன்மை வந்துவிடும். அந்தப் பக்கங்களை நிறைக்கும் எண் அட்டவணைகளுக்குப் பின்னால் டானா எல்பர்ட் என்ற பெண்மணி இருந்தார். 1948இல் சந்திரசேகரிடம் கணக்கர் வேலைக்குச் சேர்ந்தவர், சுமார் முப்பது வருடம் மேசைக் கணக்குப் பொறியோடு போராடினார். சுழலும் காந்தத் திரவத்தில் இரண்டு விதமான வெப்பச்சலனம் ஒரே சமயத்தில் நடக்கும் ஓர் இடைவெளி உண்டு. அதற்கு 2022இல்தான் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எல்பர்ட்டின் பெயரைச் சூட்டினார்கள். அரசாங்க அலுவலகத்தில்கூடப் பதவி உயர்வு இதைவிடச் சீக்கிரம் வரும்.

ஜோசியக் கணினி வந்த படலம்

1952 செப்டம்பர் 2. லிவர்மோரில் கைவிடப்பட்ட கடற்படை விமானத்தளத்தில் எர்னஸ்ட் லாரன்ஸும் எட்வர்ட் டெல்லரும் ஓர் ஆய்வகத்தைத் தொடங்கிவைத்தார்கள். பொறுப்பை ஹெர்பர்ட் யார்க் என்பவரிடம் கொடுத்தார்கள். வயது முப்பது. நோக்கம் ஹைட்ரஜன் குண்டு. குண்டு என்பது பிளாஸ்மாதான். கொஞ்ச நேரமே இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். வெடித்துப் பார்த்து வெடித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே கணினி வேண்டும்.

வரவேண்டிய யூனிவாக், வரிசையில் ஐந்தாவதாகச் செய்யப்பட்டது. ஆயிரம் சொற்கள் கொள்ளும் நினைவகம். அதுவும் பாதரசத்துக்குள் ஒலியலையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். வேலைக்கு வருமுன் அது தொலைக்காட்சியில் ஒரு சுற்றுப் புகழடைந்தது. 1952 நவம்பரில் அதிபர் தேர்தல் இரவு. சிபிஎஸ் நிறுவனம் இதனிடம் ஜோசியம் கேட்டது. கருத்துக்கணிப்புகள் கடும் போட்டி என்றன. யூனிவாக்கோ ஆரம்பத்திலேயே ஐசனோவருக்கு 438, ஸ்டீவன்சனுக்கு 93 என்றது. பைத்தியக்கார மெஷின் என்று நினைத்து அந்த விடையை வெளியே விடாமல் அமுக்கிவைத்தார்கள். உண்மை முடிவு 442க்கு 89. நள்ளிரவுக்கு மேல் அசடு வழிந்தார்கள்.

1953 ஏப்ரலில் அது லிவர்மோர் வந்து சேர்ந்தது. இங்கே கதை தலைகீழானது. சரியாகச் சொன்னபோது நம்பாத அதே நாடு, அடுத்த எழுபது வருடம் கணினி எதைச் சொன்னாலும் நம்பிக் காசோலை எழுதியது. யூனிவாக்குக்குப் பின் ஐபிஎம் 701, லார்க், சிடிசி 6600, 7600 என்று அவதாரங்கள் பெருகின. ஒவ்வொரு அவதாரமும் "இதற்கு முந்தியது சிறியதாக இருந்ததுதான் பிரச்சினை" என்ற வாக்குமூலத்தோடு வந்து இறங்கியது.

அரைப்படி தள்ளிவைத்த படலம்

முனிவர்களே, கவனியுங்கள். இந்தத் தலபுராணத்தில் அற்புதம் என்று சொல்லத்தக்கது இது.

1966இல் லிவர்மோர் ஆய்வகத்தில் கேன் யீ என்ற கணிதக்காரர் சில பக்கங்களில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளில் மின்புலம் மாறினால் காந்தப்புலம் சுழலும், காந்தப்புலம் மாறினால் மின்புலம் சுழலும். எல்லோரும் இரண்டையும் ஒரே புள்ளியில் குடிவைத்துத் திணறினார்கள். யீ இருவருக்கும் தனிக்குடித்தனம் போட்டுக்கொடுத்தார். கட்டத்தின் விளிம்பில் மின்புலம், முகத்தின் நடுவில் காந்தப்புலம். காலத்திலும் அரைப்படி தள்ளி: இவர் முழுப் படியில் நகர்ந்தால் அவர் அரைப்படியில் நகர்வார். ஒருவர் குனிய ஒருவர் தாண்ட, பச்சைக்குதிரை ஆட்டம். இதே லிவர்மோரில் பின்னாளில் சிவனையும் விஷ்ணுவையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து சண்டையைத் தீர்த்தார்கள். யீ அரைப்படி பிரித்துவைத்துத் தீர்த்தார். இரண்டுமே வேலை செய்கிறது.

செலவு: ஒரு பென்சில். பலன்: பிழை ஒரு படி குறைந்தது. அதோடு காந்தப்புலக் கோடுகள் எங்கும் முளைக்கவும் முடியவும் கூடாது என்ற இயற்கைச் சட்டம், தொடக்கத்தில் சரியாக இருந்தால் கடைசிவரை தானாகவே காப்பாற்றப்பட்டது. உலகம் என்ன செய்தது? கொட்டாவி விட்டது. பல வருடம் அந்தக் கட்டுரையைச் சீண்ட ஆளில்லை. எழுபதுகளில் ஆலன் டாஃப்லோவ் அதைத் தோண்டியெடுத்து, எண்பதில் அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். இன்று ஆன்டெனாவிலிருந்து அதிவேக சர்க்யூட்வரை அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

பிளாஸ்மாவைத் திரவமாகப் பாவிக்கும் கோஷ்டி இந்தப் பாடத்தை இன்னும் தாமதமாகப் படித்தது. அவர்களுடைய கணினிக்குள் காந்தத்தின் வடமுனை தெற்கில்லாமல் தனியாக முளைத்தது. இயற்கையில் இதுவரை ஒருவரும் பார்க்காததை அவர்களுடைய கணக்கு நாள்தோறும் உற்பத்தி செய்தது. நோபல் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்தால், 1980இல் பிராக்பில், பார்ன்ஸ் என்ற இருவர், இந்தப் போலி முனைகள் திரவத்தைக் காந்தக் கோட்டோடு சேர்த்து இல்லாத ஒரு விசையால் தள்ளுகின்றன என்று காட்டிவிட்டார்கள். பரிகாரம் 1988இல் எவன்ஸ், ஹாலி இருவரிடமிருந்து வந்தது. என்ன பரிகாரம்? காந்தப்புலத்தைக் கட்டத்தின் முகத்தில் வை, மின்புலத்தை விளிம்பில் வை. யீ சொல்லி இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஒருவர் பலரான படலம்

இன்னொரு கோஷ்டி, "திரவமாவது மண்ணாவது, துகளைத் துகளாகவே நகர்த்துவோம்" என்றது. பியூன்மன், பிரின்ஸ்டனில் ஜான் டாசன், நம் பெர்க்லியில் சார்லஸ் பேர்ட்சால் ஆகியோர் இதன் ஆழ்வார்கள். ஒரு சிட்டிகை பிளாஸ்மாவில் இருக்கும் எலக்ட்ரான்களை எண்ணி முடிக்கவே எந்தக் கணினியாலும் ஆகாது. ஆகவே பல லட்சம் எலக்ட்ரான்களுக்குப் பதில் ஒரு பிரதிநிதித் துகள். தமிழ்நாட்டில் மூன்று லட்சம் பேருக்கு ஓர் எம்.எல்.ஏ. இருப்பதுபோல. தொகுதி மக்கள் போகும் பக்கம் பிரதிநிதியும் போவார் என்பது நம்பிக்கை. இந்த முறையில் பிரதிநிதி கட்சி மாறமாட்டார் என்பது கூடுதல் வசதி.

ஆனால் சங்கடங்களும், அவற்றைச் சமாளிக்கத் திருட்டுத்தனங்களும் இருந்தன. மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கட்டம். 1928லேயே கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லூயி மூவரும் சாபம் கொடுத்திருந்தார்கள்: ஒரு காலப்படியில் எந்த அலையும் ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக் கூடாது, தாண்டினால் கணக்கு வெடிக்கும். பிளாஸ்மாவில் ஒளியே ஓடுகிறது. எனவே படி நுண்ணியதாக வேண்டும், கணினி கிழடாகும்வரை ஓடவேண்டும்.

இரண்டாவது, எடை. புரோட்டான் எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனம். எலக்ட்ரான் துடிக்கும் வேகத்தில் படி வைத்தால் புரோட்டான் அசைவதைப் பார்க்க ஆயுள் போதாது. என்ன செய்தார்கள்? புரோட்டானைப் பட்டினி போட்டார்கள். 1836ஐ 100 ஆக்கினார்கள், சிலர் 25 ஆக்கினார்கள். கடவுள் படைத்த பிரபஞ்சம் நம் பட்ஜெட்டுக்கு ஒத்துவராததால், எழுபத்து மூன்றில் ஒரு பங்கு எடையோடு வேறு பிரபஞ்சம். கட்டுரையின் ஓரத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் பாவம் கழியும்.

மூன்றாவது, சூடு. கட்டத்தை டிபை நீளம் என்ற அளவைவிடப் பெரிதாகப் போட்டால், கணினிக்குள் பிளாஸ்மா தானாகச் சூடேறும். விறகில்லை, அடுப்பில்லை, வெறும் கட்டப் பிழை. புரூஸ் லாங்டன் 1970இல் இதற்குக் காரணம் சொன்னார். அணுக்கருப் பிணைவுக்கு வேண்டிய வெப்பத்தை இலவசமாகப் பெறும் வழியை மனிதன் கண்டுபிடித்துவிட்டான். என்ன, அது கணினிக்கு வெளியே வராது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. காந்தப்புலத்தில் துகளைச் சுழற்றினால் எண்முறைப் பிழையால் அது கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுத்து ஓடிப்போகும். காந்தம் வேலை செய்யாது, திருப்பத்தான் செய்யும் என்பது அதற்குத் தெரியாது. அதே 1970இல் ஜே போரிஸ் ஒரு வழி சொன்னார்: மின்புலத்தின் உந்தலில் பாதியை முதலில் கொடு, பிறகு வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் வெறுமனே சுழற்று, மீதிப் பாதியைக் கொடு. மறுபடியும் அரை, மறுபடியும் பென்சில். ஒரு மாநாட்டுத் தொகுப்பில் வெளிவந்த அந்த யோசனையைத்தான் இன்றும் ஊரெல்லாம் ஓட்டுகிறது.

திறந்த கையோடு பூட்டிய படலம்

லிவர்மோரில் ரிச்சர்ட் போஸ்ட் முதலானவர்கள் அணுக்கருப் பிணைவுக்காகக் காந்தக் கண்ணாடி என்ற வழியில் பிளாஸ்மாவை அடைக்கப் பார்த்தார்கள். நடுவில் மெலிந்த காந்தம், இரண்டு முனையிலும் வலுத்த காந்தம். துகள் முனைக்குப் போய் முட்டித் திரும்பும். சில துகள்கள் திரும்பாது, நேராக வெளியே போய்விடும். இரண்டு பக்கமும் வாய் திறந்த பாத்திரத்தில் பாயசம் வைக்கும் திட்டம் என்று யாரும் அப்போது சொல்லவில்லை. சொன்னவர்களைக் குழுவில் சேர்க்கவில்லை.

இதைக் கணக்குப்போட 1974இல் அங்கேயே நாட்டின் பிணைவு ஆராய்ச்சிக்கான கணினி மையம் தொடங்கியது. முதலில் கடனாக வந்த ஒரு பழைய சிடிசி 6600. 1978இல் கிரே-1. 1985இல் உலகின் முதல் கிரே-2. இன்னொரு பக்கம் 375 டன் காந்தங்களோடு எம்எஃப்டிஎஃப் என்ற ராட்சசக் கருவி எழுந்தது. செலவு 37 கோடியே 20 லட்சம் டாலர். 1986 பிப்ரவரி 21 அன்று திறப்பு விழா. பெரிய மனிதர்கள் பேசினார்கள், கைதட்டினார்கள். விழா முடிந்த கையோடு கருவியைப் பூட்டினார்கள். இயக்குவதற்கு வாஷிங்டன் பணம் ஒதுக்கவில்லை. ஒரு நாள்கூட ஓடாமல் பின்னாளில் அது பிரிக்கப்பட்டது. நம்மூரில் பாலத்தைக் கட்டிவிட்டுச் சாலையை மறப்பார்கள். இவர்கள் சாலை, பாலம், சுங்கச்சாவடி எல்லாம் கட்டிவிட்டு வண்டி வேண்டாம் என்றார்கள்.

ஆக, அடைக்க வேண்டிய கருவி இல்லை, அடைப்பதைக் கணக்கிடும் உலகத்தர கணினி மட்டும் உண்டு. அதுவும் 1996இல் பெர்க்லிக்குக் குடிபெயர்ந்தது. லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901இல் ஏற்றிய ஒரு மின்விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. அதற்கு யாரும் உருவகப்படுத்தல் செய்யவில்லை. அதனால்தான் பிழைத்தது என்று ஊரில் ஒரு கோஷ்டி நம்புகிறது.

பற்றிய படலம்

காந்தம் கைவிட்டது, இனி லேசரால் எரிபொருள் உருண்டையை நசுக்கிப் பற்றவைக்கும் வழி. 1977இல் இருபது கதிர்களோடு ஒரு லேசர் கட்டினார்கள். பல கைகள் இருந்ததால் பெயர் சிவா. ஆகமம் கேட்காமல் வைத்த பெயர். அதன் அகச்சிவப்பு ஒளி பிளாஸ்மாவில் பட்டதும் எலக்ட்ரான்கள் தாறுமாறாகச் சூடாகி, எரிபொருள் நசுங்குவதற்கு முன்பே அதைக் காய்ச்சிவிட்டன. அடுத்து 1984இல் நோவா, புற ஊதாவோடு. அது பற்றவைத்துவிடும் என்றார்கள். கதிர்கள் பிளாஸ்மாவுக்குள் இழை இழையாகப் பிரிந்து, அதுவும் பற்றவில்லை. 2009இல் 192 கதிர்களோடு நிஃப். எழுபதுகளிலிருந்து வளர்ந்த லாஸ்நெக்ஸ் முதலான நிரல்கள் 'பற்றும்' என்றன. 2012க்குள் என்று கெடுவும் வைத்தார்கள். கெடு வந்தது, நெருப்பு வரவில்லை. நிரலில் இருந்த பிளாஸ்மா உருண்டையாக நசுங்கியது. கருவிக்குள் இருந்த பிளாஸ்மா நிரலைப் படித்திருக்கவில்லை.

பிறகு பத்து வருடம் கணக்கையும் கருவியையும் மாறி மாறித் திருத்தினார்கள். 2022 டிசம்பர் 5 அன்று மிளகளவு உருண்டை ஒன்று பற்றியது. உள்ளே போன லேசர் 2.05 மெகாஜூல், வெளியே வந்தது 3.15 மெகாஜூல். லாபம் 1.1 மெகாஜூல்: மூன்றரை லிட்டர் தண்ணீர் கொதிக்கும், பொங்கல் விழாவில் ஒரு வரிசைக்கு டீ கொடுக்கலாம். லேசரை எரியவிடச் சுவரிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல் என்பதை டீ குடித்து முடித்தபின் சொல்வது நாகரிகம்.

இடையில் 2013இல் லிவர்மோரின் செக்கோயா என்ற கணினியில், அதன் 15,72,864 கருக்களையும் ஒருசேர ஓட்டி, ஒசைரிஸ் என்ற துகள் நிரலைப் பரீட்சை பார்த்தார்கள். 2024 நவம்பரில் அங்கேயே எல் கேப்பிடான் உலகின் வேகமான கணினி என்று பட்டம் வாங்கியது. வினாடிக்குப் பதினேழாயிரம் கோடி கோடிக் கணக்குகள். பாதரசத்தில் ஆயிரம் சொல் வைத்திருந்த ஊர்தான் இது.

நூற்பயன்

இந்தப் புராணத்தைப் படித்தவரும், படிக்கச் சொல்லிக் கேட்டவரும், கேட்பதுபோல் போனைப் பார்த்தவரும் பின்வரும் பேறுகளைப் பெறுவர். கட்டத்தை டிபை நீளத்துக்குள் அடக்குவர். புரோட்டானின் எடையில் கைவைத்தால் முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொள்வர். திரையில் வண்ணப்படம் அழகாக வந்தது என்பதற்காகக் கட்டடத்துக்கு டெண்டர் விடமாட்டார். கணினி சொல்வது தமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை அமுக்கவும் மாட்டார், பிடித்திருக்கிறது என்பதற்காக நம்பவும் மாட்டார்.

செருப்பு கிடைத்தது. கிளம்பும்போது ஒரு இளம் முனிவர் கேட்டார்: "சுவாமி, இதையெல்லாம் என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்க முடியுமா?"

"தாராளமாக. யீயின் கட்டம், போரிஸின் அரை உந்தல், மான்செஸ்டரின் அந்தச் சுற்று. நூறு வரியில் எழுதிவிடலாம். செக்கோயாவில் ஒசைரிஸ் ஓட்டியதும் அடிப்படையில் அதைத்தான். மின்கட்டணம் மட்டும்தான் வேறு."